காலாங் ஆற்றோரமாக: சிங்கப்பூர்ப் பூங்காக்களுக்கு எப்போது போகலாம், எப்படிப் போகலாம்

காலாங் ஆறு மொத்தமே சுமார் 10 கிலோமீட்டர்தான். சிங்கப்பூரிலேயே நீளமான ஆறு அதுதான் என்று சொன்னால், ஊரிலிருந்து வருகிறவர்கள், அதிலும் காவிரிக் கரைக்காரர்கள், சட்டென்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் புறப்பட்டு, பீஷான், தோ பாயோ, காலாங் என்று வளைந்து வந்து மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. வழியில் எத்தனையோ அடுக்குமாடி வீடுகள், ஒரு விரைவுச்சாலை, தொழிற்பேட்டைகள். ஆனாலும் தொடக்கம் முதல் கடைசிவரை ஏதாவது ஒரு பச்சை இடம் அதன் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கிறது, எங்கள் குடும்பத்தின் வார இறுதிகளில் பெரும்பாலானவை அங்கேதான் கழிகின்றன.

இந்தப் பழக்கம் 2020 ஏப்ரலில் வந்தது. கொரோனா முடக்கத்தில் கடைகள் இல்லை, நண்பர்கள் வீடு இல்லை, வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கவும் ஓடவும் மட்டும் அனுமதி. நாங்கள் இருப்பது அங் மோ கியோவில். அதுவரை பூங்கா என்றால் விருந்தாளி வரும்போது கரையோரப் பூந்தோட்டங்களுக்கு, அதாவது கார்டன்ஸ் பை த பேக்கு, போய்ப் படம் எடுப்பது என்றுதான் வைத்திருந்தோம், வீட்டுக்கு எதிரே இருந்ததைக் கடந்துபோயிருக்கிறோமே தவிர உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டிய கட்டாயம் வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது: இந்த ஊரில் எந்தப் பூங்கா என்பது இரண்டாம் கேள்வி, எத்தனை மணிக்கு என்பதுதான் முதல் கேள்வி. யாராவது என்னிடம் “எங்கே போகலாம்” என்று கேட்டால் நான் இப்போது நேரத்தைத்தான் முதலில் கேட்கிறேன்.

காரணம் எளிது. பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர். வருடம் முழுக்கச் சூரியன் சுமார் 7 மணிக்கு உதித்து சுமார் 7 மணிக்கு மறைகிறது, கோடை என்றோ குளிர்காலம் என்றோ பெரிதாக மாறுவதில்லை. காலை 10 மணிக்கு மேல் மாலை 4 மணிவரை வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளை அடித்துப் போட்டுவிடும், மரநிழலில் நின்றாலும் சட்டை நனையும். போதாக்குறைக்கு இடியோடு மழை பெய்வது பெரும்பாலும் பிற்பகலில். சுற்றுலா வருகிறவர்கள் ஹோட்டலில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு 11 மணிக்குப் பூமலை என்று நாங்கள் சொல்லும் தாவரவியல் தோட்டத்துக்குப் போய், “என்னங்க, நடக்கவே முடியல” என்று திரும்பி வருவது இதனால்தான். அந்தத் தோட்டம் காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது, நுழைவுக்கட்டணமும் கிடையாது (ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் உண்டு). 1859இல் தொடங்கிய தோட்டம், 2015 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளம், அதைப் பார்க்க ஆறே முக்காலுக்கு எழுந்து போவதில் தவறே இல்லை.

ஆக, என் கணக்கு இதுதான். காலை ஆறே முக்காலிலிருந்து ஒன்பதுவரை. மாலை ஐந்தரையிலிருந்து எட்டுவரை. நடுவில் வீட்டில் இருங்கள், இல்லையென்றால் குளிரூட்டிய இடம் எதிலாவது இருங்கள். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் சில நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்றோடு மழை வரும், ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். அன்றைக்கு எட்டு மணிக்குப் போனால் காற்று குளிர்ந்திருக்கும், கூட்டமும் இருக்காது, எனக்கு மிகப் பிடித்த காலைகள் அவைதான். கிளைகள் முறிந்து விழுந்திருக்கலாம் என்பதால் அன்றைக்குப் பெரிய மரங்களின் அடியில் உட்கார வேண்டாம்.

இனி பீஷான்–அங் மோ கியோ பூங்கா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்த்தால் ஏதோ காலங்காலமாக ஆறு அப்படியே ஓடுவதுபோல் இருக்கும், ஆனால் 2012க்கு முன் அங்கே இருந்தது நேர்கோட்டில் போகும் ஒரு கான்கிரீட் கால்வாய். 2.7 கிலோமீட்டர் நீளம், இருபக்கமும் சுவர். தண்ணீர் விநியோகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அந்தச் சுவரை உடைத்து, 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். கரையில் சிமெண்டு இல்லை, செடிகளின் வேரும் கல்லும்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. உடைத்த கான்கிரீட் பலகைகளை வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல் பூங்காவுக்குள்ளேயே ஒரு குன்றாக அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் குன்றின்மேல் ஏறி நின்று ஆற்றைப் பாருங்கள், காலுக்கடியில் பழைய கால்வாய், கண்ணெதிரே புதிய ஆறு.

வேலை நடந்தது அழகுக்காக மட்டும் இல்லை. பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர், மழைத் தண்ணீர் அதற்குள்தான் போயாக வேண்டும். இப்போது பெருமழையில் ஆறு புல்வெளிமேல் ஏறி ஏறக்குறைய 100 மீட்டர்வரை விரிகிறது. வறண்ட நாளில் குழந்தைகள் பந்து விளையாடும் அதே புல்வெளி. இதில்தான் ஒரு முக்கியமான எச்சரிக்கை இருக்கிறது. ஒரு மாலை நானும் என் மகளும் ஆற்றுக்குள் போட்டிருக்கும் தாண்டுகற்களில் நின்று குட்டி மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாக இருந்தது, நீர்த்தேக்கம் இருக்கும் மேற்குப் பக்கம் மட்டும் கரேல் என்று இருட்டிக்கொண்டு வந்தது. திடீரென்று கரையோரம் இருந்த கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது, கூடவே சைரனும் அறிவிப்பும். மேலே ஏறி வந்து நின்றோம். இங்கே ஒரு துளி விழவில்லை, ஆனால் தண்ணீர் கலங்கி, பழுப்பாகி, நாங்கள் நின்ற கற்கள் ஒவ்வொன்றாக மூழ்கிப்போயின. அதிலிருந்து குழந்தையோடு ஆற்றில் இறங்குவதற்கு முன் தலைக்குமேல் இருக்கும் வானத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மேற்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். சைரன் கேட்டதும் ஏறிவிடுங்கள். படம் எடுத்துவிட்டு ஏறலாம் என்று நிற்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன், மனசு பதறுகிறது.

மழையை முன்கூட்டிப் பார்க்க தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலி போதும், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு வட்டாரவாரியாகச் சொல்லும். இடி கேட்டால் மரத்தடி வேண்டாம், கூடாரக் கொட்டகையும் அவ்வளவு பாதுகாப்பில்லை, பக்கத்திலுள்ள வீடமைப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுங்கள்.

அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது முதலில் கூட்டிப்போனதும் இந்தப் பூங்காவுக்குத்தான். வாசலைத் தேடினார். “எங்கடா சீட்டு வாங்கறது?” என்றார். சீட்டும் இல்லை, வாசலும் இல்லை, மதில்சுவர்கூட இல்லை என்றதும் நம்பவில்லை, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் ஒவ்வொரு மரமாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். தூங்குமூஞ்சி, சரக்கொன்றை, புன்னை, பூவரசு. இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்கு இவை வெறும் மரங்களாகத்தான் இருந்தன. ஓரிடத்தில் குனிந்து சிவப்பாகப் பளபளத்த மஞ்சாடி விதைகளை எடுத்தார், இங்கே சாகா விதை என்பார்கள். பக்கத்துக் கல்மேசையில் குழி இல்லாமல் கும்பல் கும்பலாக வைத்தே பேத்திக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தார். “பாட்டி, இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?” என்று அவள் கேட்க, நான்தான் வேண்டாம் என்றேன். பூவோ காயோ விதையோ, கீழே விழுந்ததாக இருந்தாலும், அனுமதியில்லாமல் பூங்காவிலிருந்து எடுத்துப்போகக் கூடாது. மேசைமேலேயே விட்டுவிட்டு வந்தோம். பெரியவர்களைக் கூட்டிப்போனால் அவர்கள் கையில் நேரத்தைக் கொடுத்துவிட்டு நாம் பின்னால் நடப்பது நல்லது, அவர்களுக்குத் தெரிந்த மரங்களும் பறவைகளும் இங்கே நிறைய இருக்கின்றன. விடியலில் குயில் கூவுவதைக் கேட்டுத்தான் அம்மா இங்கே தினமும் எழுந்தார்.

நீர்நாய்களைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. காலை ஏழு, எட்டு மணிக்கு ஆற்றோரத்தில் வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி சொல்ல முடியாது. அவை குடும்பம் குடும்பமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டமாக வந்து, மீனைத் தலைப்பக்கமிருந்து நறநறவென்று கடித்துத் தின்றுவிட்டு, மணலில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொண்டு போய்விடும். குட்டிகளோடு இருக்கும்போது கிட்டே போகாதீர்கள். 2021இல் பூமலையில் ஒருவரை நீர்நாய்க் கூட்டம் பலமாகக் கடித்துவிட்டது. தூரத்தில் நின்று பார்ப்பது, பிளாஷ் போடாமல் இருப்பது, நாயைக் கூட்டிவந்தால் கயிற்றைவிட்டு அவிழ்க்காமல் இருப்பது, இவ்வளவு போதும். உடும்பும் வரும், அது பாட்டுக்குப் போகும், வழியை மறிக்காதீர்கள்.

ஆற்றின் தலைப்பக்கம் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம். 1910இல் கட்டியது, அப்போது காலாங் ஆற்று நீர்த்தேக்கம் என்றே பெயர். இங்கே ஒரு பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், 900 மீட்டர்தான், ஆனால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வளர்ந்த காடு. அவசரப்படாமல் நடந்தால் முக்கால் மணி நேரம் போவதே தெரியாது. குரங்குகள் இருக்கும். அவற்றுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று தெரியும், அதனால் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். பிஸ்கட் நீட்டுவது அன்பு என்று நினைக்கிற ஆட்கள் நம்மில் நிறைய. இங்கே காட்டுவிலங்குக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளிவரை (சிங்கப்பூர் டாலர்) அபராதம் போடலாம். அபராதத்தைவிட, நாம் கொடுத்துப் பழக்கிய குரங்குதான் நாளைக்கு ஒரு குழந்தையின் கையிலிருந்து பறிக்கும் என்பதுதான் எனக்குக் கவலை. கொசுமருந்து கட்டாயம், டெங்கு உள்ள ஊர். இருட்டியபின் பலகைப் பாதை வேண்டாம்.

பீஷான் பூங்காவிலிருந்து கீழே காலாங்வரை ஆற்றோரமாகவே பூங்கா இணைப்புப் பாதை போகிறது. நடப்பதைவிடச் சைக்கிள் நல்லது. தீவு முழுக்க இப்படி 300 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பாதைகள் உண்டு, இந்தப் பாதையை நான் விரும்புவதற்குக் காரணம் அது பெரும்பாலும் மட்டமாக இருக்கிறது, வழிநெடுகக் கோப்பிக்கடைகளும் இருக்கின்றன. தீவு விரைவுச்சாலையைத் தாண்டும் இடம்தான் சிரமம், நாங்கள் போனபோது சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனோம். சைக்கிள் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், காலைநேரத்தில் கைத்தடியோடு நடக்கும் பெரியவர்கள் இருப்பதால் அதில் பாதி வேகமே போதும். வாடகைச் சைக்கிள் எடுத்தால், விடும்போது நிறுத்துமிடத்திலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம்.

காலாங் ரிவர்சைடு பூங்காவைப் பற்றி என் சித்தப்பா மகனுக்காகவே எழுதுகிறேன், அவனைப் போன்ற தம்பிகள் நிறையப் பேர் இதைப் படிக்கக்கூடும். அவனுக்குக் கட்டுமான வேலை, தங்கும் விடுதி வாசம், வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவுக்கு வந்து பணம் அனுப்பி, சாமான் வாங்கி, சாப்பிட்டு முடித்தால் மதியம் இரண்டு மணி. பிறகு சாலையோரத்தில் நின்றே பொழுது போய்விடும். “எங்கண்ணே போறது, உட்கார இடமே இல்ல” என்றான். அன்றைக்கு லாவெண்டர் பக்கமாக நடந்தே கூட்டிப்போனேன், அரைமணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். தென்னை, பெரிய மரநிழல், ஆறு அகலமாகி விரியும் இடம், எதிரே விளையாட்டரங்கம், தண்ணீரில் டிராகன் படகுப் பயிற்சி. ஒரு துண்டை விரித்துப் படுத்தவன் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்து, அவனுடைய அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு ஆற்றைக் காட்டினான். பிற்பகல் போகக்கூடாது என்று மேலே சொன்னேன், ஆனால் ஒருநாள் விடுமுறை உள்ளவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது, தண்ணீரோரக் காற்றும் நல்ல நிழலும் உள்ள இடமாகப் பார்த்துக்கொண்டால் போதும். மூன்று விஷயம் மட்டும் நினைவில் வைக்கச் சொன்னேன். 2022 ஜூலையிலிருந்து எல்லாப் பொதுப் பூங்காக்களிலும் புகைபிடிக்கத் தடை. இரவு பத்தரையிலிருந்து காலை ஏழுவரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. லிட்டில் இந்தியா வட்டாரத்தில் வார இறுதியில் மதுவிதி இன்னும் கடுமை. சட்டம் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, பூங்கா அவனுக்கும் சொந்தம்தான்.

ஆறு கடைசியில் போய்ச் சேருவது மரினா நீர்த்தேக்கம். 2008இல் கடல்வாய்க்குக் குறுக்கே 350 மீட்டருக்கு அணைக்கட்டு கட்டி, உப்புத்தண்ணீரை வெளியே நிறுத்தி, நகரத்தின் நடுவிலேயே குடிநீர் தேக்குகிறார்கள். தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை இங்கே வருகிறது. ஒன்பது இரும்புக் கதவுகள். கடல் வற்றியிருக்கும்போது பெருமழை வந்தால் கதவைத் தாழ்த்தித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள், கடல் ஏறியிருந்தால் ஏழு ராட்சத பம்புகள் இறைத்துவிடும். இது தெரிந்தபிறகு பீஷானில் என் மகள் சாக்லேட் காகிதத்தைக் கீழே போட்டதில்லை, “இதையா நாம குடிக்கிறோம்” என்று ஒருமுறை கேட்டாள், ஆமாம் என்றேன், அவ்வளவுதான். 1977 முதல் 1987வரை பத்து வருடம் உழைத்துத்தான் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தம் செய்தார்கள், அதற்கு முன் அது சாக்கடையாக நாறிக் கிடந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

அணைக்கட்டுக் கட்டடத்தின் கூரை முழுக்கப் புல்வெளி. மாலையில் பட்டம் விட ஏற்ற காற்று, கடல் பக்கம் கப்பல்கள் வரிசையாக நிற்கும், நகரத்தின் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். ஒரே ஒரு மாலை மட்டும் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது: ஐந்தரைக்கு கார்டன்ஸ் பை த பே எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி அணைக்கட்டுக்கு நடந்துவிடுங்கள், சூரியன் மறையும்வரை கூரையில் இருங்கள், அப்புறம் கரையோரப் பூந்தோட்டங்களுக்குள் நடந்து 7.45 மணி ஒளிக்காட்சிக்குப் போய்ச் சேருங்கள். 25 முதல் 50 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தச் செயற்கை மரங்களின் அடியில் தரையிலேயே மல்லாந்து படுத்துப் பாருங்கள், எல்லோரும் அப்படித்தான் படுத்திருப்பார்கள். அது தவறினால் 8.45க்கு இன்னொன்று. இரண்டுமே இலவசம். கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் கட்டணம், பணம் செலவழிக்க மனமிருந்தால் மதிய வெயிலில் அங்கே போகலாம், உள்ளே குளுகுளுவென்றிருக்கும்.

கடற்கரைதான் வேண்டும் என்றால் ஈஸ்ட் கோஸ்ட். சுமார் 15 கிலோமீட்டர் நீளம், முழுவதும் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். முன்பு பேருந்தும் நடையுமாகப் போக வேண்டியிருந்தது, 2024 ஜூனில் மரின் பரேட், மரின் டெரஸ், சிக்லாப் எம்ஆர்டி நிலையங்கள் திறந்தபின் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாகப் பத்து நிமிடத்தில் கடற்கரை. அதே ஜூனில்தான் கப்பல் மோதி எண்ணெய் கொட்டி கடற்கரையை மூடினார்கள், மணலை அள்ளிச் சுத்தம் செய்ய ஆயிரக்கணக்கில் தொண்டூழியர்கள் பெயர் கொடுத்தார்கள். கூடாரம் போட அனுமதி எடுக்க வேண்டும், சுட்டுச் சாப்பிடும் அடுப்புக்கு முன்பதிவும் கட்டணமும் உண்டு, இரண்டும் இணையத்திலேயே முடியும். பள்ளி விடுமுறையில் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களை, தள்ளுவண்டிக் குழந்தைகளைக் கூட்டிப்போவதானால் பீஷானும் ஈஸ்ட் கோஸ்ட்டும் மட்டமான தரை, அணைக்கட்டின் கூரைக்குச் சாய்வுப்பாதை உண்டு, லோவர் பியர்ஸில் படிகள் இருக்கின்றன. கழிப்பறை எங்கே என்பதைப் போனவுடன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இணைப்புப் பாதைகளில் அது தூரம் தூரமாகத்தான் வரும். தலைக்கு அரை லிட்டர் தண்ணீர், ஒரு குடை, ஒரு மாற்றுச் சட்டை, உட்கார ஒரு பழைய போர்வை. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மைனாக்கள் மேசைக்கே வந்துவிடும், டப்பாவை மூடியே வைத்துச் சாப்பிடுங்கள்.